கவிழ்த்த பாத்திரம்: பர்மா 2007, ஒரு நிகழ்வு ஆய்வு

2007 ஆகஸ்ட் நடுவில் தொடங்கி அந்த ஆண்டு இறுதி வரை பர்மாவில் (இன்றைய மியான்மரில்) நடந்ததை இங்கே முதலிலிருந்து முடிவு வரை எழுதிவைக்கிறேன். வெளிநாட்டுப் பத்திரிகைகள் இதற்குக் காவிப் புரட்சி என்று பெயர் வைத்தன, அந்தப் பெயரே நிலைத்தும் விட்டது. உண்மையில் பர்மியத் துறவிகளின் உடை காவி நிறம் இல்லை, அரக்குச் சிவப்பு. பெண் துறவிகள் உடுத்துவது இளஞ்சிவப்பு. பலருக்கும் இந்தக் கதை இரண்டே வரியில்தான் நினைவிருக்கும்: துறவிகள் ஊர்வலம் போனார்கள், ராணுவம் சுட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இரண்டு வரிக்கு நடுவே இருக்கும் முடிவுகள், யார் எந்த நாளில் எதை நம்பி எதைச் செய்தார்கள் என்பது. துறவிகள், மாணவர்கள், ஊர் மக்கள் யாருடைய பெயரையும் சொல்லப்போவதில்லை.

பின்னணி

1962-லிருந்து பர்மாவை ஆண்டது ராணுவம்தான், நடுவில் சட்டைகள் மாறின, அவ்வளவே. 1988-இல் மாணவர்கள் தொடங்கி நாடே தெருவுக்கு வந்தது, அரசு ஊழியர்கள் வரை வேலையை நிறுத்தினார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். செப்டம்பர் 18 அன்று தளபதிகள் குழு ஒன்று ஆட்சியை எடுத்துக்கொண்டது. 1990-இல் அவர்களே நடத்திய தேர்தலில் ஜனநாயக இயக்கத் தலைவர் ஆங் சான் சூ கீயின் கட்சி பெருவாரியாக ஜெயித்தது, ஆட்சி கைமாறவில்லை.

அதே 1990-இல் இன்னொன்றும் நடந்தது, 2007-ஐப் புரிந்துகொள்ள அது ரொம்ப முக்கியம். ஆகஸ்ட் 8, அந்த 1988 எழுச்சியின் இரண்டாம் ஆண்டு நினைவு நாள், மாண்டலே நகரில் துறவிகள் மீது ராணுவம் சுட்டது. மாண்டலே சங்கம், அதாவது அங்குள்ள துறவிகளின் அமைப்பு, கூடி, இனி ராணுவத்தினரிடமும் அவர்கள் குடும்பங்களிடமும் பிட்சை வாங்குவதில்லை, அவர்கள் வீட்டுச் சடங்குகளுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தது. சுமார் இரண்டு மாதம் அது நீடித்தது. அக்டோபரில் ராணுவம் மடங்களைச் சுற்றி வளைத்து, நூற்றுக்கும் மேற்பட்ட மடங்களில் புகுந்து, துறவிகளைப் பிடித்துக்கொண்டு போய் உடையைக் களைந்து சிறையில் தள்ளியது. அதாவது 2007-இல் இரு தரப்புக்கும் இது புதிய ஆட்டம் இல்லை. மூத்த துறவிகளுக்கு இது எங்கே போய் முடியும் என்று தெரியும், தளபதிகளுக்கும் தெரியும்.

பர்மாவில் துறவிகள் ஏறக்குறைய 4 லட்சம் பேர் என்று பொதுவாகச் சொல்வார்கள், ராணுவத்துக்கும் அப்போது அதே அளவு எண்ணிக்கைதான் சொல்லப்பட்டது. நாட்டில் ராணுவத்துக்கு இணையாக ஊர் ஊருக்குக் கிளை உள்ள அமைப்பு வேறு எதுவும் இல்லை. தினமும் காலையில் வெறுங்காலோடு வரிசையாகத் தெருவில் வருவார்கள். வீட்டுப் பெண்கள் சோற்றோடு வாசலில் காத்திருப்பார்கள். சோறு போடுபவர்தான் கும்பிடுவார். வாங்குபவர் நன்றி சொல்வதில்லை, ஏனென்றால் அங்கே புண்ணியம் கிடைப்பது கொடுப்பவருக்கு. ஏழை வீட்டில் பையனைப் படிக்க வைக்க வழியில்லையென்றால் மடத்தில் விடுவார்கள். ஆக மடத்தில் இருப்பவர் தெருவில் இருப்பவரின் மகன், தம்பி, அக்கா பிள்ளை.

தளபதிகளும் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே இல்லை. தேர்தலில் தோற்றவர்களுக்கு ஆள்வதற்கான தகுதியை மக்கள் கண்ணில் தேடித்தரக்கூடிய வழி தானம் ஒன்றுதான் என்பதால், தொலைக்காட்சியிலும் அரசு நாளிதழிலும் தினமும் ஒரு தளபதி ஒரு மூத்த துறவியின் முன் மண்டியிட்டு எதையாவது கொடுத்துக்கொண்டே இருப்பார். 1999-இல் யாங்கூனில் (பழைய ரங்கூன்) உள்ள ஷ்வேடகோன் பகோடாவின் உச்சிக் குடையைப் புதிதாக ஏற்றியதும் அவர்கள்தான், பழைய மன்னர்கள் செய்த வேலை அது.

ஆகஸ்ட் 15: முன்னறிவிப்பில்லாத விலையேற்றம்

ஒரு அறிவிப்பும் இல்லாமல் ஒரே நாளில் எரிபொருள் விலை ஏறியது. டீசல் இரண்டு மடங்கு, பெட்ரோல் மூன்றில் இரண்டு பங்கு கூடுதல், இயற்கை எரிவாயு ஐந்து மடங்கு. இந்தக் கடைசிக் கணக்குதான் வயிற்றில் அடித்தது, ஏனென்றால் அதற்கு முந்தைய ஓரிரு ஆண்டுகளில் யாங்கூன் பேருந்துகளையும் டாக்சிகளையும் எரிவாயுவுக்கு மாற்றச் சொல்லியதே அரசுதான். பேருந்துக் கட்டணம் உடனே ஏறியது, அதைத் தொட்டு அரிசி, எண்ணெய், முட்டை எல்லாம் ஏறியது. அன்றாடங்காய்ச்சிகள் வேலைக்கு நடந்து போகத் தொடங்கினார்கள்.

ஆகஸ்ட் 19 அன்று 1988-இன் பழைய மாணவர் தலைவர்கள் யாங்கூனில் சில நூறு பேரோடு அமைதியாக நடந்தார்கள். நீண்ட காலம் சிறையில் இருந்துவிட்டு வந்தவர்கள், அடுத்து என்ன வரும் என்று தெரிந்தே நடந்தார்கள். 21-ஆம் தேதி இரவே முக்கியமான 13 பேரைப் பிடித்துவிட்டார்கள். அப்புறம் சிறு சிறு கூட்டமாக வந்தவர்களைச் சீருடை இல்லாத அடியாள் படை ஒன்று தெருவிலேயே அடித்து லாரியில் ஏற்றியது. ஆகஸ்ட் கடைசியில் எல்லாம் அடங்கிவிட்ட மாதிரிதான் தெரிந்தது.

மடங்களில் கவனிக்கப்பட்டது வேறொன்று. காலையில் பாத்திரத்தில் விழும் சோறு குறைந்தது. எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, எந்த வீட்டில் கதவு திறக்கவில்லை என்பது துறவிக்குத்தான் முதலில் தெரியும். பொருளாதாரப் புள்ளிவிவரமே சரியாக வெளிவராத ஒரு நாட்டில், இந்த 4 லட்சம் பாத்திரங்களும் ஒரு கணக்கெடுப்பு மாதிரி. துறவிகள் அரசியலுக்கு ஏன் வந்தார்கள் என்று கேட்பவர்கள் இந்த இடத்தைத் தவற விடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 5, 6: பகோக்கு

பகோக்கு ஐராவதி ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள ஊர். பாலி மறைநூல் படிப்புக்கு மாண்டலேக்கு அடுத்தபடி பேர் போனது. மழைக்காலத் தங்கல் மாதங்கள் அவை. துறவிகள் ஊர் சுற்றாமல் மடத்திலேயே இருந்து படிக்கும் காலம், அதனால் ஊர் நிறைய இளம் துறவிகள் இருந்தார்கள்.

5-ஆம் தேதி சில நூறு துறவிகள் மேத்தா சூத்திரத்தை, அதாவது எல்லா உயிரும் நலமாக இருக்கட்டும் என்ற பாலிச் சூத்திரத்தை ஓதிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். ஊர் இரு பக்கமும் நின்று கைதட்டியது. ராணுவம் வானத்தை நோக்கிச் சுட்டது, அப்புறம் அடித்தது. சில துறவிகளைக் கம்பத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். ஒருவர் இறந்துவிட்டார் என்ற பேச்சும் பரவியது, அது உறுதியாகவில்லை. ஆனால் கம்பத்தில் கட்டியதே போதுமானதாக இருந்தது. சிறுவயதிலிருந்தே துறவியின் நிழலை மிதிக்காதே என்று சொல்லி வளர்க்கும் ஊரில் நடந்த காரியம் இது.

மறுநாள் அதிகாரிகள் சிலர் ஊரின் பெரிய மடம் ஒன்றுக்குப் பேச வந்தார்கள். மூத்த துறவிகளைச் சந்தித்து, இளையவர்களை அடக்கி வைக்கும்படி கேட்பதுதான் நோக்கம். இளம் துறவிகள் அவர்களைச் சில மணி நேரம் வெளியே விடவில்லை, வாசலில் நின்ற நான்கு வண்டிகளை எரித்தார்கள். மூத்தவர்கள் தலையிட்ட பிறகே அதிகாரிகள் வெளியேற முடிந்தது.

இதை மறைக்க வேண்டியதில்லை. வண்டி எரித்தது அவர்களுடைய விதிப்படியே தவறு, மூத்த துறவிகள் அதைத் தவறாகவே பார்த்தார்கள். என் கணிப்பில், பின்னால் வந்த ஊர்வலங்களின் அசாத்தியமான ஒழுங்குக்குக் காரணமே இந்த ஒரு நாள்தான். கோபத்தை எந்த வடிவத்தில் காட்டுவது என்று தேடினார்கள், தேடியது அவர்களுடைய ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய நூலிலேயே இருந்தது.

பாத்திரத்தைக் கவிழ்ப்பது

சில நாட்களில் அகில பர்மா துறவிகள் கூட்டணி என்ற பெயரில் ஒரு அறிக்கை வந்தது. நான்கு கோரிக்கைகள்: பகோக்குவில் நடந்ததற்கு மன்னிப்பு கேட்க வேண்டும், விலைகளைக் குறைக்க வேண்டும், சூ கீ உட்பட அரசியல் கைதிகளை விட வேண்டும், ஜனநாயகச் சக்திகளோடு பேச்சு தொடங்க வேண்டும். செப்டம்பர் 17 கெடு. மன்னிப்பு வராவிட்டால் பத்த நிக்குஜ்ஜன கம்மம்.

பாலியில் பத்தம் என்றால் பாத்திரம், நிக்குஜ்ஜனம் என்றால் கவிழ்த்தல். இதன் மூலக்கதை விநயத்தில் இருக்கிறது. வட்டன் என்ற லிச்சவி குலத்து இல்லறத்தான், சிலர் தூண்டிவிட்டதில், தப்ப மல்லபுத்தன் என்ற துறவி மீது பொய்ப்பழி சுமத்துகிறான். புத்தர் விசாரித்து, பொய் என்று தெரிந்ததும், சங்கம் அவனுக்கு எதிராகப் பாத்திரத்தைக் கவிழ்க்கலாம் என்கிறார். அதாவது இனி அவன் கையால் எதையும் வாங்குவதில்லை. செய்தி கேட்டதும் அவன் மயங்கி விழுகிறான். பிறகு ஈரத் துணியோடு வந்து புத்தர் காலில் விழுந்து மன்னிப்பு கேட்கிறான். சங்கம் பாத்திரத்தை மறுபடி நிமிர்த்துகிறது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இந்தச் சடங்குக்கு உள்ளேயே ஒரு திரும்பும் வழி இருக்கிறது. அவனை யாரும் சபிக்கவில்லை, ஊரை விட்டுத் தள்ளவில்லை. அவன் செய்ய வேண்டியது மன்னிப்பு கேட்பது மட்டும். 2007-இல் துறவிகள் முதல் கோரிக்கையாக மன்னிப்பை வைத்தது அதனால்தான். தளபதிகளுக்குச் செலவே இல்லாத கோரிக்கை அது. விலையைக் குறைக்கப் பணம் வேண்டும், கைதிகளை விடுவதென்றால் பயம் வரும், மன்னிப்புக்கு ஒரு அறிக்கை போதும்.

இன்னொன்று. பர்மிய மொழியில் வேலைநிறுத்தம் என்பதற்கான சொல்லே தபேய்க் மௌக், பாத்திரத்தைக் கவிழ்ப்பது என்றுதான் பொருள். ஆலைத் தொழிலாளி வேலையை நிறுத்தினாலும் அவன் பாத்திரத்தைத்தான் கவிழ்க்கிறான், மொழியளவில். அதனால் இது என்ன சடங்கு என்று ஊருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கெடு முடிந்தது. மன்னிப்பு வரவில்லை.

செப்டம்பர் 18 முதல் 25 வரை

18-ஆம் தேதி, 1988-இல் தளபதிகள் ஆட்சியைப் பிடித்த அதே நாள், பல ஊர்களில் துறவிகள் கூடிச் சடங்கை நிறைவேற்றினார்கள், நடக்கவும் தொடங்கினார்கள். மேற்குக் கடற்கரையில் சிட்வேயில் கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. யாங்கூனில் முதல் நாள் ஷ்வேடகோன் வாசலை அடைத்து வைத்தார்கள், துறவிகள் அங்கிருந்து நகருக்குள் நடந்தார்கள். ஒவ்வொரு நாளும் மதியத்துக்கு மேல் ஊர்வலம், நூற்றுக்கணக்கு ஆயிரக்கணக்கானது. மழை. முழங்கால் வரை தண்ணீர் நின்ற தெருக்களில் அரக்குச் சிவப்பு உடையோடு, முன்னால் ஒருவர் பாத்திரத்தைக் கவிழ்த்து உயர்த்திப் பிடித்தபடி, பின்னால் வரிசையாக மேத்தா சூத்திரத்தை ஓதிக்கொண்டு போனார்கள்.

இந்த எட்டு நாட்களில் நான்கு முடிவுகள் முக்கியமானவை.

முதலாவது, மக்கள் உள்ளே வர வேண்டாம் என்று தொடக்கத்தில் துறவிகளே கேட்டுக்கொண்டார்கள். பொதுமக்கள் கலந்தால் ராணுவத்துக்குச் சுடச் சாக்கு கிடைக்கும், துறவிகள் மட்டும் என்றால் கை தயங்கும் என்ற கணக்கு. மக்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: ஊர்வலத்தின் இரு பக்கமும் கைகோத்துச் சங்கிலி போல நின்று கூடவே நடந்தார்கள். உள்ளே நுழையவில்லை, விட்டும் போகவில்லை. ஆகஸ்டில் துறவிகள் இல்லாமல் நடந்தபோது அடிபட்டவர்கள், இப்போது துறவிகளுக்கு வேலியாக நின்றார்கள்.

இரண்டாவது, 21-ஆம் தேதியை ஒட்டி வந்த அறிக்கை. அதில் மொழி மாறுகிறது. ஆட்சி மக்களின் பொது எதிரி, அதை மண்ணிலிருந்து அகற்றும்வரை போராட்டம், மக்களும் சங்கமும் கைகோக்க வேண்டும் என்கிறது. அதோடு, 23 முதல் மூன்று நாள் இரவு 8 மணிக்கு ஒவ்வொருவரும் வீட்டு வாசலில் 15 நிமிடம் நின்று பிரார்த்தனை செய்யுங்கள் என்றும் கேட்டது. வாசலில் நிற்பது எவ்வளவு நல்ல யோசனை! வெளியே வரப் பயப்படுபவரும் வாசல்வரை வரலாம்.

மூன்றாவது, 22-ஆம் தேதி ஒரு ஊர்வலம் சூ கீ வீட்டுக்காவலில் இருந்த சாலைக்குத் திரும்பியது. தடுப்பில் நின்ற காவலர்கள் விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்பதற்கு இன்றுவரை தெளிவான விளக்கம் இல்லை. மழையில் அவர் கதவருகே வந்து கைகூப்பி அழுதபடி நின்றார், துறவிகள் ஓதினார்கள், சில நிமிடங்கள்தான். 2003-க்குப் பிறகு பொதுமக்கள் அவரைப் பார்த்த முதல் தருணம் அது. அந்தச் செய்தி பரவிய பிறகு ஊர்வலம் பல மடங்கானது. மறுநாள் பெண் துறவிகளும் சேர்ந்தார்கள்.

நான்காவது, மக்களை நேரடியாக அழைத்தது. 24-ஆம் தேதி யாங்கூன் தெருவில் குறைந்தது 30,000 பேர், ஒரு லட்சம் வரையும் சொன்னவர்கள் உண்டு. புகழ்பெற்ற ஒரு நகைச்சுவைக் கலைஞரும் ஒரு திரைப்பட நடிகரும் ஷ்வேடகோன் அருகே துறவிகளுக்கு உணவும் தண்ணீரும் கொடுத்தார்கள். மாணவர் சங்கத்தின் மயில் கொடி தெருவில் தெரிந்தது, கட்சிக்காரர்களும் வெளிப்படையாக வந்தார்கள்.

இரண்டாவது, நான்காவது முடிவுகள் சரியா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சடங்கில் திரும்பும் வழி இருந்தது, அகற்றுவோம் என்ற முழக்கத்தில் அது இல்லை. ஆனால் கெடு முடிந்து நான்கு நாள் காத்த பிறகும் ஒரு வார்த்தை வராதபோது, தெருவில் இத்தனை ஆயிரம் பேர் நிற்கும்போது, இளம் துறவிகள் வேறு எதைச் சொல்லியிருக்க முடியும் என்றும் தோன்றுகிறது. மக்களை அழைத்ததால் பலம் பெருகியது, துறவிகளை மட்டும் வைத்துப் போட்ட பாதுகாப்புக் கணக்கு அதோடு போனது. இரண்டும் ஒரே நாளில் நடந்தன.

ஆட்சி போட்ட கணக்கு

ஒரு வாரம் ராணுவம் ஏன் கைகட்டி நின்றது? தயக்கம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த வாரம் வீணாகப் போகவில்லை. ஊர்வலத்தில் யார் முன்னால் வருகிறார்கள், எந்த மடத்திலிருந்து எத்தனை பேர், கூட்டத்துக்கு யார் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்றெல்லாம் சாதாரண உடையில் வந்தவர்கள் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் வீடு வீடாகப் போய்ப் பிடித்தது இந்தப் படங்களை வைத்துத்தான்.

24-ஆம் தேதி இரவு மத விவகார அமைச்சர் மூத்த துறவிகளைச் சந்தித்து, ஊர்வலம் போகிறவர்கள் மீது நடவடிக்கை வரும் என்றார். அரசு அமைத்த உயர்மட்ட சங்க நாயகக் குழு, துறவிகள் உலக விவகாரங்களில் ஈடுபடக் கூடாது என்று உத்தரவு போட்டது. இது முக்கியமான நகர்வு. துறவியை அடிக்க முடியாது என்பதுதான் ராணுவத்தின் சிக்கல். தெருவில் இருப்பவர் உண்மையான துறவியே இல்லை என்று சங்கத்தின் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். அரசு நாளிதழும் அதற்குப் பிறகு போலித் துறவிகள் என்றே எழுதியது.

25-ஆம் தேதி ஒலிபெருக்கி வண்டிகள் தெருத் தெருவாக எச்சரித்தன. அன்றும் ஊர்வலம் போனது. இரவில் யாங்கூனிலும் மாண்டலேயிலும் ஊரடங்கு, ஐந்து பேருக்கு மேல் கூடத் தடை, ராணுவ லாரிகள் நகருக்குள் வந்தன.

வெளியுலகத்தைப் பற்றியும் தளபதிகளுக்குக் கவலை குறைவு. அந்த ஆண்டு ஜனவரியில்தான் ஐ.நா. பாதுகாப்பு அவையில் பர்மா பற்றிய தீர்மானத்தைச் சீனாவும் ரஷ்யாவும் வீட்டோ செய்திருந்தன. இந்தியாவும் விலகி நிற்கவில்லை: யாங்கூன் தெரு நிரம்பி வழிந்த அதே நாட்களில் இந்தியப் பெட்ரோலியத்துறை அமைச்சர் பர்மாவின் புதிய தலைநகர் நேப்பிடோவில் எரிவாயுத் தேடல் ஒப்பந்தங்களுக்காக இருந்தார். எரிபொருள் விலையால் தொடங்கிய போராட்டம் அது என்பதை நினைக்கும்போது, ஒரு இந்தியனாக இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

செப்டம்பர் 26, 27

26-ஆம் தேதி ஷ்வேடகோனின் கிழக்கு வாசலில் துறவிகளைத் தடுத்தார்கள். கண்ணீர்ப்புகை, தடியடி, துறவிகள் லாரிகளில் ஏற்றப்பட்டார்கள். சிதறியவர்கள் மறுபடி கூடி நகர மையத்தின் சூலே பகோடாவை நோக்கி நடந்தார்கள்.

உண்மையான அடி அன்று இரவுதான் விழுந்தது. நள்ளிரவுக்கு மேல் ராணுவம் மடங்களுக்குள் புகுந்தது. யாங்கூனின் தெற்கு ஒக்கலப்பா பகுதியில் ஒரு மடத்தில் தூங்கிக்கொண்டிருந்த துறவிகளை அடித்து இழுத்துப் போனார்கள். காலையில் உள்ளே போன அக்கம்பக்கத்தார் கண்டது உடைந்த கண்ணாடி, சிதறிய செருப்புகள், தரையில் ரத்தம். பகலில் அதே மடத்தில் மிச்சமிருந்தவர்களைப் பிடிக்க ராணுவம் திரும்பி வந்தபோது, அந்தத் தெரு மக்கள் திரண்டு வழிமறித்தார்கள், அங்கேயும் சுட்டார்கள்.

27-ஆம் தேதி தெருவில் துறவிகள் குறைவு, பொதுமக்கள்தான் அதிகம். சூலே அருகே சுட்டார்கள். ஜப்பானியப் பத்திரிகையாளர் ஒருவர் கையில் கேமராவோடு மிக அருகிலிருந்து சுடப்பட்டு விழுந்து இறந்தார், அந்தக் காட்சி உலகம் முழுக்கப் போனது. அதைப் படமெடுத்து அனுப்பியவர்கள் உயிரைப் பணயம் வைத்த உள்ளூர் இளைஞர்கள், கைக்கு அடக்கமான கேமராவை வைத்துக்கொண்டு பையின் ஓட்டை வழியாகவெல்லாம் எடுத்தவர்கள். ஓரிரு நாளில் அரசு நாட்டின் இணைய இணைப்பையே துண்டித்தது. அப்போது பர்மாவில் இணையம் இருந்தது நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை, ஆனாலும் அந்தச் சிறு துளைதான் வெளியே தெரிய வழியாக இருந்தது.

மாத இறுதிக்குள் தெருக்கள் காலி. மடங்களின் வாசலில் முள்கம்பி.

அதன் பிறகு

பிடிபட்ட துறவிகளை யாங்கூனில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி வளாகத்தில் அடைத்தார்கள். உடையைக் களையச் சொன்னார்கள், மதியத்துக்கு மேல் சாப்பாடு கொடுத்தார்கள், துறவியின் விதிப்படி மதியத்துக்கு மேல் சாப்பிடக் கூடாது. மற்ற துறவிகள் ஆயிரக்கணக்கில் கிராமத்து வீடுகளுக்குத் திரும்பினார்கள். ராணுவம் ஊர் ஊராகத் தனக்கு ஆதரவான பேரணிகள் நடத்தியது, வீட்டுக்கு ஓராள் வர வேண்டும் என்ற கணக்கில்.

ஐ.நா. தூதர் இப்ராஹிம் கம்பாரி வந்து போனார். அக்டோபர் 11 அன்று பாதுகாப்பு அவை வருத்தம் தெரிவித்து ஒரு தலைவர் அறிக்கை வெளியிட்டது, சீனா அதைத் தடுக்கவில்லை. நவம்பரில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பாலோ செர்ஜியோ பினெய்ரோ நாட்டுக்குள் போய் விசாரித்து, குறைந்தது 31 பேர் கொல்லப்பட்டதாக எழுதினார். அரசு ஒப்புக்கொண்டது 15. மூவாயிரம் முதல் நாலாயிரம் பேர் வரை கைது என்பது அவர் கணக்கு. துறவிகள் கூட்டணியின் முன்னணித் துறவி ஒருவர் நவம்பரில் பிடிபட்டார், மறு ஆண்டு 68 ஆண்டு சிறை விதித்தார்கள். 2012 ஜனவரியில்தான் வெளியே வந்தார்.

அக்டோபர் 31 அன்று பகோக்குவில் நூற்றுக்கும் மேற்பட்ட துறவிகள் மறுபடி ஓதிக்கொண்டு நடந்தார்கள். எதற்காக அன்று என்று கேட்டால், முதலில் அடிபட்ட ஊர் அது, வேறு காரணம் தேவையில்லை.

2008 மே மாதம் நர்கிஸ் புயலில் ஐராவதி முகத்துவாரத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெளிநாட்டு உதவியைத் தளபதிகள் தடுத்து நிறுத்தியபோது முதலில் அரிசியும் கூரையும் கொடுத்தது மடங்கள்தான். பிணங்கள் மிதந்துகொண்டிருக்கும்போதே நாட்டின் பெரும்பகுதியில் அரசியலமைப்பு வாக்கெடுப்பை நடத்தி, நாடாளுமன்றத்தில் கால்வாசி இடத்தை ராணுவத்துக்கு எழுதிக்கொண்டார்கள்.

வேறு எப்படி நடந்திருக்கலாம்

மடங்களின் இரவைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை, அல்லது யோசிக்க நேரமில்லை. பகலில் தெருவில் பத்தாயிரம் பேர் இருபக்கமும் வேலி கட்டினார்கள், இரவில் மடத்தில் ஒருவருமில்லை. 1990-லும் மடத்துக்குள் புகுந்துதான் முடித்துவைத்தார்கள், அதனால் இது எதிர்பாராதது என்று சொல்ல முடியாது. தெற்கு ஒக்கலப்பா மக்கள் மறுநாள் பகலில் செய்ததை, எல்லாப் பேட்டைகளிலும் முதல் நாளிலிருந்தே முறைபோட்டுச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உயிர்ச்சேதம் கூடியிருக்கலாம் என்பதையும் மறுக்கவில்லை.

அடுத்தது வேலைநிறுத்தம். பாத்திரத்தைக் கவிழ்ப்பதும் வேலைநிறுத்தமும் ஒரே சொல்லாக இருக்கும் நாட்டில், 2007-இல் துறைமுகம் ஓடியது, வங்கி ஓடியது, அரசு அலுவலகங்கள் ஓடின. 1988-இல் அவை நின்றன. 2021 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு மருத்துவர்களும் ஆசிரியர்களும் ரயில்வேக்காரர்களும் வேலையை விட்டு வெளியே வந்தபோதுதான் அந்தச் சொல்லின் மறு பாதி மறுபடி உயிர்பெற்றது. 2007-இல் பசியோடு இருந்தவனிடம் சம்பளத்தை விடச் சொல்லிக் கேட்பது கடினம், அது தெரிகிறது. ஆனாலும் அழைப்பு வாசலில் 15 நிமிடத்தோடு நின்றுவிட்டது.

மூத்த சங்கம் மூன்றாவது விஷயம். அரசுக் குழுவில் இருந்த மூத்தவர்கள் பெரும்பாலும் மௌனமாக இருந்தார்கள் அல்லது உத்தரவில் கையெழுத்திட்டார்கள். அவர்களை முன்பே பேசிச் சேர்க்க முயன்றிருந்தால், குறைந்தபட்சம் போலித் துறவி என்ற சொல்லுக்கு முத்திரை கிடைத்திருக்காது.

இன்னொன்றையும் சேர்த்தே எழுத வேண்டும். இலங்கையில் துறவிகளின் அரசியலைப் பார்த்து வளர்ந்த தமிழருக்கு இந்தக் கதையின் மேல் ஒரு சந்தேகம் இருக்கும், அது நியாயமான சந்தேகம். 2012-இல் பர்மாவிலேயே ஆயிரக்கணக்கான துறவிகள் மறுபடி ஊர்வலம் போனார்கள், இம்முறை ரோஹிங்கியா முஸ்லிம் சிறுபான்மையினருக்கு எதிராக, முஸ்லிம் நாடுகளின் அமைப்பு உதவி அலுவலகம் திறக்கக் கூடாது என்று. 2007-இல் கண்ணீர்ப்புகையில் நின்ற அதே சிட்வேயிலும் அந்த ஊர்வலம் போனது. எல்லா உயிரும் நலமாக இருக்கட்டும் என்று ஓதிய ஊர்வலத்தில் அந்த எல்லா என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவார்கள் என்று யாரும் அன்று பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டிய நேரம் அதுதான், எல்லோரும் ஒரே தெருவில் இருந்தபோது.

கடைசியாக, அந்த மன்னிப்பு. பகோக்குவுக்காக அது வரவே இல்லை. 2012 நவம்பரில், ராணுவம் சிவில் உடைக்கு மாறியிருந்த காலத்தில், மோனிவா அருகே லெட்பதௌங் செப்புச் சுரங்கத்துக்கு எதிராக விவசாயிகளோடு உட்கார்ந்திருந்த துறவிகளைக் கலைக்க விடியற்காலையில் காவல்துறை வீசிய புகைக்குண்டுகளில் பாஸ்பரஸ் இருந்தது, பல துறவிகளின் உடல் தீய்ந்துபோனது. இரண்டு வாரத்துக்குள் மத விவகார அமைச்சர் மூத்த துறவிகளின் முன் உட்கார்ந்து அரசின் சார்பில் மன்னிப்பு கேட்டார். சுரங்கம் நிற்கவில்லை.